மயில் உள்ளான் அமர்ந்திருந்த தை மாதம்

பறவைகளை நீர்வண்ணத்தில் வரையும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தாளைப் பற்றியும் தூரிகையைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இப்போது எல்லாமே நல்லதாகக் கிடைக்கிறது. அவற்றைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். முப்பது வருடம் இந்த வேலையைச் செய்து, கை நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டவன் நான். என்னிடம் மிச்சம் இருப்பவை சில தவறுகள்தான். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று சிறியது. இன்னொன்றை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சிறியது முதலில். தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு பதிப்பகம், காவிரிப் பாசன வயல்களில் காணும் நீர்ப்பறவைகளுக்கு ஒரு கையேடு கொண்டுவர முடிவு செய்தது. படங்கள் முழுவதும் என் பொறுப்பு. பதிப்பாசிரியர் அதிகம் பேசாத மனிதர். நான்கு முறைதான் அவரை நேரில் பார்த்திருக்கிறேன். நான் அனுப்பிய முதல் கட்டுப் படங்களில் ஒரு நத்தைகுத்தி நாரையின் குஞ்சுப் பருவம் தாண்டிய இளம்பறவையும் இருந்தது. வளர்ந்த நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டியில் தெரிவது போல. இளம்பறவைக்கும் அதே இடைவெளியை வைத்து, உடலின் வெள்ளையைக் கொஞ்சம் அழுக்காக்கி அனுப்பிவிட்டேன். படம் தபாலில் திரும்பி வந்தது. பின்பக்கம் பென்சிலால் ஒரே சொல்: "பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. நன்னிலத்துக்குத் தெற்கே, உழுது தண்ணீர் கட்டியிருந்த வயல்களில் ஒன்பது நாள் அலைந்தேன். ஒன்பதாம் நாள் ஓர் இளம் நாரை நான் உட்கார்ந்திருந்த வரப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. அலகு நூல் நுழைய இடமில்லாமல் மூடியிருந்தது. வயது ஏற ஏறத்தான் அந்த இடைவெளி உண்டாகிறது. நான் படத்தை மாற்றி வரைந்து அனுப்பினேன். என் ஊகத்தை என் கண்ணென்று நினைத்திருக்கிறேன் என்று புரிந்தது. இதனால் பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இதைச் சிறிய தவறு என்கிறேன்.

மற்றதுக்கு வருகிறேன். அதைச் சொல்ல என் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அந்த வருடங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆண்கள் போனார்கள். எங்கள் சபையிலிருந்து நர்ஸ் படித்த பெண்கள் சவுதிக்குப் போனார்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஸ்டெல்லாவும் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "ரெண்டு வருஷம்தானே, நீங்க எப்படியும் பாதி நாள் வயல்லதான் இருக்கீங்க" என்றாள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாதி நாள் முடிந்து திரும்புவதற்கு ஓர் ஆள் இருப்பது வேறு என்று போன பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு, "ஸ்டெல்லா போன் பண்ணுச்சா? எப்ப வருதாம்?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். நான் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து வர ஆரம்பித்தேன். பிறகு போகாமலே இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று மாலை நான்கு மணிக்குக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வரும். அந்த ஏழெட்டு நிமிடத்தைத் தவிர யாரிடமும் பேசாமல் கழிந்த வாரங்கள் உண்டு.

இதற்குள் கையேட்டில் ஒரே ஒரு படம்தான் பாக்கி இருந்தது. மயில் உள்ளான். சேற்றிலும் கோரையிலும் ஒளிந்து வாழ்கிற, அந்தியில் மட்டும் வெளியே வருகிற பறவை. அதன் கூட்டை நான் பார்த்ததே இல்லை. பதிப்பாசிரியர் கடிதம் போட்டிருந்தார். அச்சகத்தில் பேசியாகிவிட்டது, தை மாதக் கடைசிக்குள் படம் வேண்டும் என்று.

அஞ்சம்மாள்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்ட நிலத்தை, நிலத்தின் சொந்தக்காரர்கள் சென்னைக்குக் குடிபோன பிறகு, குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். நான் அவர் வரப்புகளில் உட்கார்ந்து வரைவதை நான்கைந்து வருடமாகப் பார்த்திருக்கிறார்.

"சார், நீங்க கேட்ட உள்ளான் நம்ம பள்ளத்து மூலையில முட்டை போட்டிருக்கு. நாலு இருக்கு."

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"மாட்டுக்குக் கோரை அறுக்கப் போனேன். கால்கிட்டேருந்து எழும்புச்சு. அறுக்காம வந்துட்டேன்."

நான் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோரை இலைகளுக்கு நடுவே ஒரு கண், அதைச் சுற்றி வெளிர் மஞ்சள் வட்டம், கீழே நீண்ட அலகின் பாதி. நிறம் மங்கிய பறவை.

"இது பெட்டைங்களா?"

"ஆணு சார். அழகா செவப்புக் கழுத்தோட இருக்கே, அதுதான் பெட்டை. முட்டையைப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். இதுதான் கெடந்து அடைகாக்கும். குஞ்சையும் இதுதான் மேய்க்கும்."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா போனது அவருக்குத் தெரியும். பிறகு மடையில் ஏதோ வேலை இருப்பது போல அந்தப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அது போன எடத்துல என்ன பாடு படுதோ, யாரு பாத்தா" என்றாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்தப் பறவை எங்கள் இருவருக்கும் தெரிந்த ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

வரப்பில் ஒரு குடையை நட்டு, அதன் மேல் சாக்குப் போட்டு, அதற்குள் உட்கார்ந்தேன். கூட்டுக்கும் எனக்கும் இருபது அடி. காலையில் போனால் வெயில் ஏறும் வரை இருப்பேன். மூன்றாம் நாளிலிருந்து அது என்னைப் பொருட்படுத்தவில்லை. நான் இருமினாலும் கண்ணை மட்டும் சிமிட்டும்.

அப்போதுதான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. வாய்க்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அணையை மூடும் நாள் நெருங்கிவிட்டது. அஞ்சம்மாளுக்குக் கிடைக்கப்போவது கடைசி முறை. கதிர் பால் பிடிக்கும் நேரம், அப்போது ஈரம் இல்லாவிட்டால் நெல் மணியாகாது. வயலில் தண்ணீர் ஏறினால் பள்ளத்து மூலைதான் முதலில் நிறையும். கூடு மூழ்கிவிடும்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அந்த மூலைக்கு மட்டும் தண்ணி ஏறாம பாத்துக்க முடியுங்களா?"

"ஏத்தாம விட்டா அவ்வளவும் பதராப் போயிடும் சார்."

"தெரியுதுங்க. கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

"எத்தனை நாளு?"

"பத்து நாள் இருக்கலாம்."

"பத்து நாள் கழிச்சு வாய்க்கால்ல ஏது தண்ணி?" என்று சொல்லிவிட்டு அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பதில் வாங்காமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் போனபோது பள்ளத்து மூலையைச் சுற்றிப் புதிதாக ஒரு வரப்பு இருந்தது. முழங்கால் உயரம், ஈரம் காயாத சேறு. வயலின் மற்ற பகுதியெல்லாம் தண்ணீர் நின்றது. மூலைக்குள் மட்டும் ஏறவில்லை. அஞ்சம்மாள் காலில் சேற்றோடு மடையில் நின்றிருந்தார். நான் நன்றி சொன்னேன்.

"விடுங்க சார். பாக்காம இருந்திருந்தா வேற. பாத்துட்டேன்ல" என்றார்.

பறவைக்காகத்தான் நான் வந்து கேட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்டது படத்துக்காக. அந்த வித்தியாசம் அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

ஆறு நாள் வரைந்தும் படம் முழுமையாகவில்லை. கோரை மறைத்தது. தலை கிடைத்தது, முதுகின் மேல்கோடு கிடைத்தது, நெஞ்சும் கூட்டின் விளிம்பும் கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனில் ஸ்டெல்லா வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டக் கேட்டார்களாம். "சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லணும்னுதான் நெனச்சேன், ஆனா அவங்க அன்னைக்கே கேட்டாங்க."

"பரவாயில்ல" என்றேன். வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை. போனைக் கொடுத்ததற்குப் பூத்துக்காரர் சில்லறை கேட்டபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை காலையில் நான் வயலுக்குப் போயிருக்கக் கூடாது. உங்களிடம் நான் சொல்ல விரும்புவதில் இதுதான் முக்கியம். நம் வேலையில் பொறுமை ஒன்றுதான் கருவி. அது உடைந்திருக்கும் நாளில் வீட்டில் இருங்கள், சுவரைப் பார்த்துக்கொண்டாவது இருங்கள். நான் போனேன். அந்தப் பறவை அன்றைக்கு எனக்கு முழுதாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. யாராவது ஒருவர் எனக்கு எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்பது போல.

குடையிலிருந்து எழுந்து நேராகக் கூட்டுக்குப் போனேன். பறவை சரிந்து இறங்கிக் கோரைக்குள் மறைந்தது. பென்சில் சீவும் கத்தியால், எனக்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்த கோரையை ஒரு கைப்பிடி அளவு அறுத்தேன். அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தபோது நான்கு முட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன. மேலே மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்துக்கும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் காகம் இறங்கியபோது தாளைத்தான் கீழே வைத்தேன். இரண்டாவது இறங்கியபோதுதான் எழுந்து ஓடினேன். வரப்பில் வழுக்கி விழுந்தேன். எழுந்து போய்ச் சேர்ந்தபோது இரண்டு முட்டைகளைக் காணோம், இரண்டு குத்தப்பட்டுக் கிடந்தன. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குத்தப்பட்ட ஓடுகளை எடுத்துக் கோரைக்குள் எறிந்தேன். குடைக்குள் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பறவை வந்தது. கூட்டின் விளிம்பில் நின்றது. அலகால் ஒரு காய்ந்த இலையை இழுத்துச் சரிசெய்தது. பிறகு, முட்டைகள் இருந்தால் எப்படி உட்காருமோ அப்படியே, நெஞ்சைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் அசைந்து அமர்ந்தது.

மறைப்பு எதுவும் இல்லை. நெஞ்சு, கூட்டின் விளிம்பு, தோளிலிருந்து இறங்கும் வெள்ளைப் பட்டை, எல்லாம் தெரிந்தது. நான் வரைந்தேன். அழுதுகொண்டே வரைந்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. கை மிக நன்றாக ஓடியது. இறகின் மேல் உள்ள மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாக விட்டு, சுற்றிலும் பழுப்பை இழுத்தேன். இரண்டு மணி நேரம் அது உட்கார்ந்திருந்தது. நான் என் வாழ்நாளில் வரைந்த மிக நல்ல படம் அதுதான். உச்சிக்கு முன்னால் அது எழுந்து போனது. பிறகு வரவில்லை.

மறந்து வைத்துவிட்ட தூரக்கண்ணாடியை எடுக்க மாலையில் மறுபடி வந்தபோது அஞ்சம்மாள் வரப்பில் நின்றிருந்தார்.

"என்ன சார், காணோமே?"

"பொரிச்சிடுச்சுங்க. காலையிலயே கூட்டிட்டுப் போயிடுச்சு."

இந்த இனத்தில் குஞ்சுகள் பொரித்த அன்றே நடக்கும். அதனால் நம்பக்கூடிய பொய்தான். அவர் மூலையைப் பார்த்தார். அங்கே கதிர்கள் ஏற்கெனவே வெளிற ஆரம்பித்திருந்தன.

"அப்ப சரி" என்றார்.

படத்தை அனுப்பினேன். பதிப்பாசிரியரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "இதைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த அட்டையை நான் யாரிடமும் காட்டவில்லை. புத்தகம் வந்தது. படத்தின் கீழ் 'அடைகாக்கும் ஆண் மயில் உள்ளான்' என்று அச்சாகியிருந்தது. ஒரு பிரதியை அஞ்சம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "நம்ம மூலைல்ல" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூலையில் அந்த வருடம் அறுத்தது வைக்கோலுக்குத்தான் ஆனது என்று வேறு ஒருவர் சொல்லி எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

அந்தப் படத்தால் எனக்கு வேலைகள் வந்தன. மற்ற ஊர்களிலிருந்து இளைஞர்கள் பார்க்க வந்தார்கள். படத்தைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பார்கள். ஆறு நாள் என்பேன். ஏழாவது நாளைச் சொல்ல மாட்டேன். இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு தனியாக இருப்பது, வெறுமனே தனியாக இருப்பதைவிடக் கடினம்.

ஸ்டெல்லா ஒன்பது வருடம் கழித்துத்தான் நிரந்தரமாக வந்தாள். இருவருக்கும் தனியாக இருந்து பழகிவிட்டது. அவள் அவளுடைய நேரத்துக்குச் சாப்பிடுவாள், நான் என்னுடைய நேரத்துக்கு. அவள் வந்த வருடம் பதிப்பகத்தில் புதிய பதிப்பு போட முடிவெடுத்து, அந்தப் படத்தையே அட்டையில் போட அனுமதி கேட்டார்கள். கடிதத்தை அவளிடம் காட்டினேன். அவள் சந்தோஷப்பட்டாள். அப்போது என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் என்பதையும் சொன்னேன்.

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "அதுக்கு நான் காரணமில்லை" என்றாள்.

"இல்லை" என்றேன். "சொல்லணும்னு தோணுச்சு."

"என்கிட்ட சொல்லி என்ன? அந்த அம்மாகிட்டல்ல சொல்லணும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

அஞ்சம்மாள் அப்போது மகன் கட்டிக்கொடுத்த மாடி வீட்டில் இருந்தார். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டான். பெரிய வீட்டில் அவர் ஒரு அறையை மட்டும் திறந்து வைத்திருந்தார். நாற்காலி போட்டு, டீ கொடுத்தார். நான் சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியம் முடியும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் சார்."

"எப்படிங்க?"

"அன்னைக்கே பாத்தேன். கோரையில கத்தி பட்ட வெட்டு இருந்துச்சு. ஓடு கெடந்துச்சு. குஞ்சு வந்த ஓடு மூடி கழண்ட மாதிரி இருக்கும். நானும் கோழி வளக்குறேனே. இது குத்துன ஓடு."

"ஏங்க அப்பவே கேக்கல?"

"கேட்டு? நெல்லு திரும்பவா வரும்? நீங்க வேற அன்னைக்கு அடிபட்ட ஆளு மாதிரி நின்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தேன். அவர் வேறு எதையோ பேசுவது போலச் சொன்னார்.

"அந்த வருஷம் மாசி மாசமே வாய்க்கா கரையில மறுபடியும் முட்டை வச்சிருந்துச்சு. நாலும் பொரிச்சுது. கோழிக்குஞ்சு மாதிரி பின்னாடியே ஓடுச்சுங்க."

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லலை சார்."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. அந்த மாசி மாதம் முழுவதும் நான் அவர் வரப்பு வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன். தினமும் பார்த்து, "வாங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பறவைகளுக்காக எடுக்கப்பட்ட முடிவுகளில் சரியானது அவர் என்னிடம் சொல்லாமல் இருந்ததுதான். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த நான்கு குஞ்சுகளை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது.

அன்றிரவே பதிப்பாசிரியருக்கு எழுதினேன். அவர் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். ஒரே வரியில் பதில் போட்டார், குறிப்பை மாற்றுகிறேன் என்று. அட்டைக்கு வேறு படத்தை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அந்தப் படத்தின் கீழ் இப்போது இருப்பது: 'கூடு அழிந்த பின் அதன் மேல் அமர்ந்திருக்கும் ஆண் மயில் உள்ளான். மறைவை அகற்றியவர் ஓவியர்.' உங்களில் சிலர் இதற்கு அர்த்தம் கேட்டு எனக்கு எழுதியிருந்தீர்கள். இதுதான் அர்த்தம்.

கூட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. கூடு இருக்கும் இடத்தை உங்களுக்குக் காட்டிய மனிதர் ஒருவர் இருப்பார். அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அதற்கு ஒரு அடி பின்னால் நில்லுங்கள்.

அஞ்சம்மாளிடம் அதன் பிறகு செல்போன் வந்துவிட்டது. சில வருடங்களில், தை மாசி வாக்கில், ஏதாவது ஒரு காலையில் அழைப்பார். எங்கே, எத்தனை முட்டை என்றெல்லாம் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். குஞ்சுகள் கூட்டை விட்டு நடந்து, கோரைக்குள் கலைந்து போய்ச் சில நாள் ஆகியிருக்கும்.

"சார்," என்பார், "இனிமே வரலாம்."